இருபது எண்ணும் வரை

காஞ்சனாவின் தலையில் மண் விழுந்தது ஓர் ஆவணிச் செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றரை மணிக்கு. முருகன் மலையில் மொட்டையடித்து, தலையில் சந்தனம் பூசிக்கொண்டு இறங்கிய கூட்டம் பஸ் நிலையத்துப் பக்கம் வந்துகொண்டிருந்த நேரம். டாக்டர் குமரவேலின் பல் மருத்துவமனை வாசலில், திருவாலங்காட்டுக் கரும்புக்காரர் வீட்டு ஜெயம்மா குனிந்து இரண்டு கையாலும் மண்ணை அள்ளினாள். "எம் பொண்ணு வாழ்க்கையக் கெடுத்தவளே, நீ நல்லா இருப்பியாடி" என்று தூற்றினாள். மண் காஞ்சனாவின் தலையில், தோளில், வெள்ளைக் கோட்டுப் பைக்குள் விழுந்தது. சந்தன மொட்டைகள் எல்லாம் நின்று பார்த்தன. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் டாக்டரும் நின்று பார்த்தார்.

பார்த்துக்கொண்டு சும்மா நின்றார். அதைத்தான் காஞ்சனா மறக்கவில்லை.

அவளுக்கு அப்போது முப்பத்தாறு வயது. பொதட்டூர்பேட்டையில் தறிக்காரர் வீட்டில் பிறந்தவள். அம்மா உடம்புக்கு முடியாமல் கிடந்த ஐந்து வருஷமும் நகரியில் மாமா வீட்டில் வளர்ந்ததால் முதலில் பழகியது தெலுங்கு எழுத்து. ஊர் திரும்பிப் பத்தாவது வரை தமிழில் படித்தாள். மாமா மகன் சிங்காரத்தையே கட்டிக்கொண்டு, இன்றுவரை அவனை 'பாவா' என்றே கூப்பிடுகிறாள். அவன் வீட்டில் விசைத்தறி ஓட்டுகிறான். அந்தச் சத்தத்தில் உட்கார்ந்திருக்க முடியாது என்றுதான் அவள் வெளியே வேலை தேடினாள். பதினோரு வருஷமாக டாக்டர் குமரவேலின் நாற்காலிக்கு இடப்பக்கம் நிற்கிறாள். எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிப்பாள். அவர் கேட்கப் போவதை அவர் கேட்பதற்கு முன்பே எடுத்து நீட்டுவாள். அதிகம் பேச மாட்டாள்.

டாக்டருக்குக் கைவேகம். 'பத்து நிமிஷ டாக்டர்' என்று ஊரில் பேர். அந்தப் பேரில் அவருக்கு ஆசையும் உண்டு.

வேர் சிகிச்சை செய்த பல் உள்ளே வெறும் கூடு. மேல்பாகமும் உடைந்துபோயிருந்தால், மேலே மாட்டுகிற கேப் உட்காருவதற்குப் பிடிமானம் இருக்காது. அதற்காக வேர்க்குழிக்குள் கண்ணாடி இழையால் செய்த மெல்லிய குச்சி ஒன்றை இறக்கி ஒட்டுவார்கள். பெட்டியில் அதற்கு 'ஃபைபர் போஸ்ட்' என்று பேர். நோயாளிகள் வாயில் அது குச்சிதான். குச்சியை நிறுத்துவது பசை. பசையைப் பிடிக்க வைப்பது பொறுமை. குழியைக் கடைசியில் நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். ஊசி போன்ற காகிதத் திரிகளை விட்டு ஈரத்தை ஒற்ற வேண்டும். சொட்டவும் கூடாது, வறண்டுபோகவும் கூடாது. பசையைச் சின்னப் பிரஷால் தொட்டு உள்சுவரில் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். காற்றடித்து அதில் ஆவியாக வேண்டியதை ஆவியாக விட வேண்டும். பிறகு அதை இறுக வைக்க நீல விளக்கு. கடைசியில் சிமென்ட் விட்டுக் குச்சியை இறக்கி, மறுபடியும் விளக்கு. தறியில் ஏற்றும் பாவு நூலுக்குக் கஞ்சி போடுகிற தெருவில் பிறந்த காஞ்சனாவுக்கு இதை யாரும் விளக்கத் தேவைப்படவில்லை. நூல் உள்ளே வாங்கிக்கொள்ள நேரம் கொடுக்காத கஞ்சி, தறியில் ஏறியதும் செதில் செதிலாக உதிரும்.

ஜெயம்மாவின் மகள் சுசித்ரா ஸ்கூட்டியிலிருந்து விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்டு வந்தவள். குச்சி வைக்கிற அன்று டாக்டருக்கு சென்னையில் ஏதோ கூட்டம். பன்னிரண்டு மணி ரயிலைப் பிடிக்க வேண்டும். ஜெயம்மா மகளின் கால்மாட்டில் நின்று, கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு, "முருகா... முருகா..." என்று நிறுத்தி நிறுத்திச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

டாக்டர் சிரித்தார். "நீ அஞ்சு முருகா சொல்றதுக்குள்ள பசை போட்டு முடிக்கிறேன் பாரும்மா."

காஞ்சனா உருவிய காகிதத் திரி நனைந்து வந்தது. "சார், இன்னும் ஈரம் வருது."

"விடும்மா, ட்ரெயின் போயிடும்."

பிரஷ் உள்ளே போனது, வந்தது. காற்று ஒரு மூச்சு. நீல விளக்கு ஒரு மின்னல். நாலாவது முருகாவிலேயே முடிந்துவிட்டது. "கைராசி டாக்டருங்க" என்று ஜெயம்மா கும்பிட்டாள்.

ஒரு மாதம் கழித்து, நிச்சயதார்த்த விருந்தில் முறுக்கைக் கடித்தபோது கேப்பும் குச்சியும் சேர்ந்து கழன்று இலையில் விழுந்தன. மாப்பிள்ளையின் அத்தை எல்லோர் காதிலும் விழும்படி, "பொண்ணுக்கு இன்னும் பால்பல்லே விழுந்து முடியலியா?" என்றாள். தையில் வைக்க இருந்த கல்யாணத்தை வைகாசிக்குப் பார்க்கலாம் என்று தள்ளிவிட்டு அவர்கள் எழுந்து போனார்கள்.

கைக்குட்டையில் முடிந்து ஜெயம்மா கொண்டுவந்த பல்லை டாக்டர் விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பக்கத்தில் நின்று காஞ்சனாவும் பார்த்தாள். குச்சியைச் சுற்றிப் பசை முழுசாக, வழவழவென்று ஒட்டியிருந்தது. பல்லின் துணுக்கு ஒன்றுகூட அதில் இல்லை. பசை குச்சியைப் பிடித்திருக்கிறது; பல் பசையைப் பிடிக்கவே இல்லை. இருவருக்கும் அது ஒரே சமயத்தில் தெரிந்தது.

"ஒட்டுற மருந்தை ஃப்ரிட்ஜில வைக்கணும்" என்றார் டாக்டர். "வெளியில வச்சிட்டாங்க. ஸ்டாஃப் தப்பு." தாடையால் காஞ்சனாவைக் காட்டினார்.

அதன் பிறகுதான் வாசலில் மண்.

அன்று மாலை அவர் அவளைக் கூப்பிட்டுச் சமாதானம் சொன்னார். "மனசுல வச்சிக்காத. என் பேரு போனா க்ளினிக்கே போச்சு. உன் பேருக்கு இன்னா வந்துடப்போவுது?"

காஞ்சனா "சரி சார்" என்றாள். பஸ்ஸில் பொதட்டூர்பேட்டை வரும்வரை அந்தக் கடைசி வரியையே மென்றுகொண்டு வந்தாள்.

பேருக்கு என்ன வந்தது என்பது ஒரே வாரத்தில் தெரிந்தது. வரவேற்பில் இருக்கும் சினேகாவிடம் நோயாளிகள் கிசுகிசுத்தார்கள்: "அந்த நெட்டையம்மா கை படாம பாத்துக்க சொல்லும்மா." பஸ்ஸில் ஒருத்தி இன்னொருத்திக்கு அவளைக் கண்ணால் காட்டினாள். தறிக்கு நூல் கொண்டுவருகிற ஆள்கூட, "இன்னாக்கா, கல்யாணத்த நிறுத்திட்டியாமே?" என்றான்.

"வேலைய வுட்டுட்டு வா" என்றான் சிங்காரம்.

"வுட்டா நான்தான் தப்பு பண்ணேன்னு ஆயிடும் பாவா. அந்த வாயாலயே சொல்ல வைக்கணும். 'என் தப்பு'ன்னு. ஆளுங்க எதிர்ல."

"டாக்டரு சொல்லுவாரா?"

"சொல்லுவாரு."

எப்படி என்று அவளுக்கே தெரியவில்லை. முதலில் தோன்றியது கிராம்புத் தைலம். கிராம்புத் தைலம் பட்ட இடத்தில் இந்தப் பசை சரியாக இறுகாது. பாட்டிலில் நாலே சொட்டு விட்டால் போதும், மாதத்துக்குப் பத்துக் குச்சி கழன்று வரும். மூன்று நாள் அந்தத் தைலப் புட்டியைக் கைப்பையில் வைத்துக்கொண்டே வேலை செய்தாள். நாலாம் நாள் எடுத்து அலமாரியில் வைத்துவிட்டாள். இரக்கப்பட்டு அல்ல. எந்தப் பல் விழுந்தாலும் டாக்டரின் தாடை மறுபடியும் அவள் பக்கம்தான் திரும்பும்.

புதுப் பசைப் பெட்டியைப் பிரித்த அன்றுதான் வழி கிடைத்தது. பெட்டிக்குள் பதினாறாக மடித்த காகிதம் ஒன்று இருந்தது. பதினோரு வருஷமாக அவள் பிரிக்காமலே குப்பையில் போட்ட காகிதம். இந்தத் தடவை பிரித்தாள். எத்தனையோ நாட்டு மொழிகள். தமிழும் இல்லை, தெலுங்கும் இல்லை. ஆனால் படங்கள் இருந்தன. ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் ஒரு குட்டிக் கடிகாரம். பிரஷ் படத்தில் இருபது. காற்றுப் படத்தில் ஐந்து. விளக்குப் படத்தில் பத்து. சிமென்ட் பெட்டியில் வந்த காகிதத்தில் நாற்பது.

அந்த வாரமே டாக்டராக வந்து வாய் கொடுத்தார். "மலைக்கு வர்ற ஆந்திரா ஜனம் நிறைய வருது. உனக்குதான் தெலுங்கு எழுத வருமே. பயப்படாதீங்கன்னு ரெண்டு பாஷையிலயும் ஒரு போர்டு எழுதி வை."

காஞ்சனா எழுதினாள். மேல்பாதி தமிழ்: 'பயம் வேண்டாம். மெதுவாக எண்ணிக்கொண்டே இருங்கள், பயம் போய்விடும்.' டாக்டர் படித்துப் பார்த்துத் தலையாட்டினார். "சைக்காலஜி! நல்லாருக்கு." கீழ்ப்பாதி தெலுங்கு. அவர் நாற்காலியில் தெலுங்கு சரளமாகப் பேசுவார். எழுத்து மட்டும் தெரியாது. "ஜாங்கிரி புழிஞ்ச மாதிரியே இருக்குதும்மா உங்க எழுத்து" என்று சொல்லிக்கொண்டே போனார்.

அந்த ஜாங்கிரியில் இருந்தது இதுதான்: 'குச்சி ஒட்டும்போது துணைக்கு வந்தவர் சத்தமாக எண்ண வேண்டும். பசை தேய்க்க இருபது. காற்றுக்கு ஐந்து. விளக்குக்குப் பத்து. சிமென்டுக்கு நாற்பது. டாக்டர் முன்பே நிறுத்தினால், ஏன் என்று கேட்கவும்.'

இந்தப் பக்கத்தில் யாரும் பல் டாக்டரிடம் தனியாக வருவதில்லை. கால்மாட்டில் ஒருவர் நிற்க வேண்டும். முதலில் மாட்டியது, புத்தூர்ப் பக்கத்திலிருந்து குச்சி வைத்துக்கொள்ள வந்த முனிரத்தினத்தின் மனைவி. போர்டைப் படித்துவிட்டுத்தான் உள்ளே வந்தாள். டாக்டர் பிரஷை விட்டதும் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி உரக்க ஆரம்பித்தாள்: "ஒகட்டி... ரெண்டு... மூடு... நாலுகு..."

ஆறில் டாக்டர் பிரஷை எடுத்தார்.

"ஏமி டாக்டருகாரு! இங்க்கா இரவை காலேதே!" இன்னும் இருபது ஆகவில்லையே என்று கேட்டுவிட்டு, அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். டாக்டர் காஞ்சனாவைப் பார்த்தார். காஞ்சனா முகக்கவசத்துக்கு மேலே ஒரு கண்கூட அசையாமல் புதுப் பிரஷ் ஒன்றை எடுத்து நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார். அந்தம்மா மறுபடியும் ஒகட்டியிலிருந்து ஆரம்பித்தாள்.

முகக்கவசத்துக்குள் காஞ்சனா சிரித்தாள். மண் விழுந்த நாளுக்குப் பிறகு அன்றுதான் இரண்டு கவளம் கூடச் சாப்பிட்டாள்.

தெலுங்குக்காரர்கள் எண்ணுவதைக் கேட்டுத் தமிழ் நோயாளிகளும் எண்ண ஆரம்பித்தார்கள். பொதட்டூர்பேட்டை பஸ்ஸில் இது பேச்சானது. எண்ணிக்கை குறைந்தால் உள்ளேயிருந்து சண்டைச் சத்தம் வரும். "இன்னா டாக்டரே, பதினாலுலயே எடுத்துட்டீங்க, மீதி ஆறு யார் ஊட்டுக்கு?" பத்து நிமிஷ டாக்டர் நாற்பது நிமிஷ டாக்டர் ஆனார். ஒரே வேளையில் இரண்டு கூட்டம், ஒரு ரயில் என்று ஓடிக்கொண்டிருந்தவருக்கு மத்தியானச் சாப்பாடு மூன்றரைக்குப் போனது. காஞ்சனா தினமும் அவர் கழுத்து வியர்வையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு சித்தூரிலிருந்து வந்த மருந்துக் கம்பெனி ஆள் ஒருவன் போர்டைப் படித்து விழுந்து விழுந்து சிரித்து, அவருக்கே மொழிபெயர்த்துச் சொல்லிவிட்டான்.

"இன்னா வேலை பண்ணி வச்சிருக்க?" என்றார் டாக்டர்.

"பொட்டியில வந்த காகிதத்துல இருக்கிறதுதான் சார்."

அவர் போர்டைக் கிழிக்கக் கையை ஓங்கினார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற டீச்சர் மணியம்மை அப்போதுதான் வாய் திறந்தாள். "டாக்டர், உங்களைப் பாராட்டணும்னே நினைச்சிருந்தேன். நம்ம வேலையை நம்மளையே எண்ணிப் பார்க்கச் சொல்ல எத்தனை பேருக்குத் தைரியம் வரும்?"

பெஞ்சு முழுக்கத் தலையாட்டியது. ஓங்கிய கை போர்டின் ஒரு மூலையைச் சரிசெய்துவிட்டுக் கீழே இறங்கியது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் காஞ்சனாவின் வயிற்றை எரித்தது. குச்சிகள் கழலவில்லை. ஒன்றுகூடக் கழலவில்லை. 'எண்ணி ஒட்டுகிற டாக்டர்' என்று பேர் பரவி, திருவள்ளூரிலிருந்தெல்லாம் ஆள் வந்தார்கள். வாசலில் மண்ணை மூடி டைல்ஸ் பதித்தார். இரண்டு பக்கமும் குரோட்டன்ஸ் தொட்டி வைத்தார். பெயர்ப்பலகையைப் பெரிதாக்கினார். 'இதெல்லாம் நான் கொண்டுவந்த சிஸ்டம்' என்று அவர் யாரிடமோ போனில் சொல்வதைக் காஞ்சனா கேட்டாள். அவமானப்படுத்தக் கொடுத்ததை அவர் மாலையாகப் போட்டுக்கொண்டுவிட்டார். அவள் பேர் மட்டும் இன்னும் ஜெயம்மா தூற்றிய மண்ணுக்கு அடியிலேயே கிடந்தது.

மாசி மாதம் ஜெயம்மா வந்தாள். சுசித்ரா அத்தனை நாளும் கழற்றி மாட்டுகிற பல்லோடு, கையால் வாயை மூடிக்கொண்டே சிரித்துக்கொண்டிருந்தாள். வைகாசிக் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் ஒருவழியாகச் சம்மதித்திருந்தார்கள். "இப்பல்லாம் எண்ணி ஒட்டுறாங்களாமே" என்று கேள்விப்பட்டு வந்த ஜெயம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "அந்தப் பொம்பள உள்ள வரக்கூடாது."

டாக்டர் காஞ்சனாவைப் பார்க்காமலே "சரிம்மா" என்றார்.

வேரை மறுபடி சுத்தம் செய்த இரண்டு தடவையும் காஞ்சனா கருவிகள் கொதிக்கிற அறைக்குள்ளேயே இருந்தாள். குச்சி வைக்கிற நாளில் மட்டும் வெளியே வந்து, உள்ளே நுழையப்போன ஜெயம்மாவை மறித்தாள்.

"நான் உள்ள வரலம்மா. நீங்களே எண்ணுங்க. ஒரு நம்பருக்கு ஒரு முருகா. அன்னிக்குச் சொன்னீங்களே, அதே மாதிரி நிறுத்தி நிறுத்தி. பசைக்கு மட்டும் இருபது. கதவு திறந்தே இருக்கட்டும்."

ஜெயம்மா அவள் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனாள். காஞ்சனா கதவோரம் நின்றாள். பெஞ்சில் ஒன்பது பேர் இருந்தார்கள். டாக்டருக்கு உதவியாக சினேகா குழாயைப் பிடித்துக்கொண்டு பயத்தோடு நின்றாள்.

"முருகா" என்று ஆரம்பித்தது குரல். இரண்டு. மூன்று. நான்கு. ஐந்தாவது முருகா சொல்லும்போது ஜெயம்மாவின் குரல் ஒரு கணம் தடுக்கியது. காஞ்சனா கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். குரல் மறுபடி ஓடியது; ஆனால் இப்போது அதில் பயம் இல்லை, கணக்கு இருந்தது. இருபதாவது முருகா வந்தது. காற்றுக்கு ஐந்து. விளக்குக்குப் பத்து. சிமென்ட் போனது, குச்சி இறங்கியது. நாற்பது எண்ண வேண்டிய நீல விளக்கை டாக்டர் பல்லின்மேல் வைத்தார்.

ஜெயம்மா எண்ணவில்லை.

"ஏன் டாக்டரே."

"எண்ணும்மா, எண்ணு."

"நீங்க எண்ணிக்குங்க. அன்னிக்கு அஞ்சு முருகாவுல முடிக்கிறேன்னீங்க. நாலுலயே முடிச்சீங்க. நாந்தான கால்மாட்டுல நின்னுகினு இருந்தேன்? இன்னிக்கு பசைக்கு மட்டும் இருபது ஆவுது. அப்ப அன்னிக்கு மீதி பதினாறு எங்க போச்சி?"

விளக்கை எடுக்க முடியாது. எடுத்தால் இந்தக் குச்சியும் போகும். டாக்டரின் கை சுசித்ராவின் வாய்க்குள் மாட்டிக்கொண்டு நின்றது. விளக்கு பத்து விநாடிக்கு ஒரு தடவை 'பீப்' என்றது.

"ஃப்ரிட்ஜுல வைக்கலன்னீங்களே, அந்தம்மா தப்புன்னீங்களே. ஃப்ரிட்ஜா டாக்டரே நாலுல நிறுத்துச்சி?"

மறுபடியும் 'பீப்'. சுசித்ரா வாயைத் திறந்தபடியே கையை உயர்த்தி டாக்டர் பக்கம் விரலை நீட்டி, "ஆ... ஆ..." என்றாள். அவளும் கேட்கிறாள் என்று எல்லோருக்கும் புரிந்தது.

"அன்னிக்கு ட்ரெயினுக்கு அவசரம்" என்றார் டாக்டர், பல்லைப் பார்த்துக்கொண்டே. "என் தப்புதாம்மா. காஞ்சனா ஒண்ணும் பண்ணல."

பெஞ்சிலிருந்து ஒருவர், கேட்டுப் பழகிய தைரியத்தில், "கேக்கல டாக்டர், கொஞ்சம் சத்தமா!" என்றார்.

டாக்டர் சத்தமாகச் சொன்னார். நாற்பது முடிந்து விளக்கு அணைந்தது.

ஜெயம்மா வெளியே வந்து காஞ்சனாவின் எதிரே நின்றாள். கை தானாகக் காலைத் தொடக் குனிந்தது. காஞ்சனா பின்னால் நகர்ந்துகொண்டாள்.

"காலெல்லாம் வாணாம்மா."

"நான் தூத்துன மண்ண எப்படிடி திரும்ப எடுப்பேன்?"

"எடுக்க வாணாம். போட வேண்டிய எடத்துல போடுங்க."

டாக்டர் சமாதானம் பேசப் பின்னாலேயே வாசலுக்கு வந்திருந்தார். ஜெயம்மா தரையைப் பார்த்தாள். எங்கும் பளபளவென்று டைல்ஸ். சுற்றிலும் தேடினாள். பிறகு குரோட்டன்ஸ் தொட்டிக்குள் இரண்டு கையையும் விட்டு, காலையில்தான் நீர் ஊற்றிய ஈரமண்ணை வேர்மயிரோடு அள்ளினாள். "உன் அவசரத்துல மண்ணு வுழ!" பாதி அவர் தலையில் விழுந்தது, மீதி புதுப் பெயர்ப்பலகையில் அப்பிக்கொண்டது. மலையிலிருந்து இறங்கிய சந்தன மொட்டைகள் இரண்டு நின்று பார்த்தன.

காஞ்சனாவும் பார்த்தாள். சும்மா நின்று, வேண்டிய மட்டும் பார்த்தாள்.

பிறகு சொன்னாள்: "கையக் கழுவிட்டு வாங்க சார். புதுக் கையுறை எடுத்து வைக்கிறேன். குச்சியைச் சுத்திப் பல்லைக் கட்டி எழுப்பணும். அஞ்சு அடுக்கு இருக்குது. ஒவ்வொண்ணுக்கும் விளக்கு இருபது."

"நீ உள்ள வாடியம்மா" என்றாள் ஜெயம்மா. "நீயே எண்ணு."

தன் தலையில் மண் விழுந்து ஏழு மாதம் கழித்து, சுசித்ராவின் நாற்காலிக்கு இடப்பக்கம் காஞ்சனா மறுபடி வந்து நின்றாள். டாக்டரின் காதோரம் ஒரு சின்ன வேர்த்துண்டு ஒட்டியிருந்தது. அவள் அதைச் சொல்லவில்லை. அவர் முதல் அடுக்கை வைத்து விளக்கைப் பிடித்தார்.

"ஒண்ணு" என்றாள் காஞ்சனா. கதவு திறந்தே இருந்தது. பெஞ்சு முழுக்க எட்டிப் பார்த்தது. "ரெண்டு." விளக்கின் 'பீப்' வந்தபோது அவள் ஆறில்தான் இருந்தாள். டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். அவள் பல்லைப் பார்த்தாள். அவர் மறுபடி குனிந்தார். பதினைந்துக்கு மேல் ஒவ்வொரு எண்ணையும் வாயில் வைத்திருந்து, சப்பி, பிறகே வெளியே விட்டாள். அவர் தோள் நடுங்க ஆரம்பித்தது.

"பத்தொம்போது" என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்தினாள். இன்னும் நாலு அடுக்கு மிச்சம் இருந்தது. அவளுக்கு எந்த ரயிலையும் பிடிக்க வேண்டியதில்லை.